மொராக்கோவில் பத்து நாட்கள்: கடைவீதியில் எதை, எங்கே, எப்படி வாங்குவது?

அல்சூர்வாசி கேட்டது:

பெங்களூருத் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வருகிற அக்டோபர் மாதத்தில் என் கணவர், என் மாமியார், நான் ஆகிய மூவரும் பத்து நாட்கள் மொராக்கோ சென்று வர முடிவு செய்திருக்கிறோம். இங்கிருந்து துபாய் வழியாகக் காசாபிளாங்காவில் இறங்கி, முதலில் மராக்கேஷ், அடுத்து எஸ்ஸவீரா, கடைசியாக ஃபெஸ் என்று ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறோம். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது. தங்கும் இடங்களை மட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை.

எங்கள் கவலையெல்லாம் கடைவீதியைப் பற்றியதுதான். சிக்பேட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி, விலை படியாவிட்டால் வெளியே வந்துவிடும் துணிச்சல் எனக்கு உண்டு. என் கணவரோ கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பாவம் அவர் என்று சொல்லக்கூடியவர். மொழி தெரியாத ஊரில் இந்த இருவரும் சேர்ந்து என்ன ஆவோம் என்று தெரியவில்லை. கூடத்தில் விரிக்க ஒரு கம்பளம், தோல் செருப்பு, ஆர்கன் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஆர்கன் எண்ணெய் ஆகியவற்றை வாங்க ஆசை. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி, எவ்வளவு பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, எந்த ஊரில் எதை வாங்குவது என்று சென்று வந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும். என் மாமியார் முட்டைகூடச் சாப்பிடாதவர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஜெயநகர் நான்காவது பிளாக் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மென்பொருள் பணி காரணமாகக் காசாபிளாங்காவில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயண வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ்ஸுக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மராக்கேஷுக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் மராக்கேஷுக்கும் ஃபெஸ்ஸுக்கும் இடையே ஏழு மணி நேரம் ஆகும். மராக்கேஷில் வாங்கியதையெல்லாம் கட்டிச் சுமந்துகொண்டு, வயதானவரையும் அழைத்துக்கொண்டு அந்த நீண்ட பயணத்தைச் செய்வதைவிட, வெறும் பையோடு முதலில் ஃபெஸ் சென்று, எஸ்ஸவீராவையும் மராக்கேஷையும் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. ஃபெஸ்ஸின் பழைய நகரில் பொருள்கள் செய்யப்படுவதையே கண்ணால் பார்க்கலாம். ஸஃபாரீன் சதுக்கத்தில் கன்னார்கள் செப்புப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஷுவாரா தோல் பதனிடும் களத்தில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருக்கும். பொருள் எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்த பிறகு விலை கேட்பவருக்கும் பார்க்காமல் கேட்பவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை, நம் ரூபாயை அங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள். நம் யுபிஐ வசதியும் அங்கே கிடையாது. திர்ஹாம் என்பது அந்நாட்டுக்குள்ளேயே புழங்க வேண்டிய நாணயம் என்பதால் இங்கிருந்து வாங்கிச் செல்வதும், மீந்ததை இங்கே கொண்டு வந்து மாற்றுவதும் நடைமுறையில் ஆகாத காரியங்கள். யூரோவாகக் கொண்டு சென்று தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய ரசீதுகளைக் கடைசி நாள் வரை பத்திரமாக வைத்திருந்தால், மீதித் திர்ஹாமை விமான நிலையத்தில் திரும்ப மாற்றலாம். ஒரு திர்ஹாமை ஒன்பது, பத்து ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மனக்கணக்கு எளிதாக இருக்கும். பழைய நகரின் சிறு கடைகளில் அட்டை செல்லாது. எனவே சில்லறை நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள். 200 திர்ஹாம் நோட்டை நீட்டினால் மீதி இல்லை என்ற பதில்தான் வரும்.

இனிப் பேரம். "சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கேள்" என்று இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வாய்பாட்டை நம்பாதீர்கள். சில கடைக்காரர்கள் நியாயமான விலைக்கு மேல் கால் பங்கு மட்டும் ஏற்றிச் சொல்வார்கள். சிலர் ஐந்து மடங்கு சொல்வார்கள். முதல் கூட்டத்தாரிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் அது அவமதிப்பு. இரண்டாம் கூட்டத்தாரிடம் அதே மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினால் அது நமக்கு நட்டம். சொன்ன விலையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவதைவிட, உங்களுக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்று நீங்களே முன்கூட்டி ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் சரியான முறை. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளின் விலையை விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சம்மதித்த பிறகு வேண்டாம் என்று நகர்வது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. நம் ஊர்ப் போணியைப் போலவே நாளின் முதல் விற்பனைக்கு அங்கும் ஒரு மதிப்பு உண்டு. காலை பத்து மணி அளவில் கடை திறந்தவுடன் செல்பவருக்கு விலை சற்று எளிதாகப் படியும்.

"பிஷ்ஹால்" என்றால் எவ்வளவு. "காலி பிஸ்ஸாஃப்" என்றால் மிகவும் விலை அதிகம். "லா, ஷுக்ரன்" என்றால் வேண்டாம், நன்றி. இந்த மூன்றும் போதும். எண்களைப் பிரெஞ்சில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண்மணியிடம் அதே பொருளுக்குக் கடைக்காரர் இருநூறு என்று சொல்வது காதில் விழுந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். தங்களுக்குள் அவர்கள் ரியாலில் பேசுவது வழக்கம், இருபது ரியால் சேர்ந்ததுதான் ஒரு திர்ஹாம். முதல் மாதம் முழுவதும் நான் இதைப் புரிந்துகொள்ளாமல், தக்காளி விற்பவர் என்னை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லேஸ்வரம் தறிக்காரன் எழுதியது:

வணக்கம். பட்டுச் சேலைத் தொழிலில் இருப்பவன் என்பதால் கம்பளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவற்றை மேலே எழுதிய நண்பர் நன்றாகவே சொல்லியிருக்கிறார்.

மொராக்கோவில் நீங்கள் பார்க்கப்போகும் கம்பளங்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெள்ளை அல்லது பழுப்புக் கம்பளியில் கருநிறக் கோடுகள் ஓடும் தடித்த முடிச்சுக் கம்பளம் பெனி வரைன் எனப்படும். அட்லஸ் மலைக் குளிருக்காக அங்கே வாழும் அமாசிக் (பெர்பர்) இனப் பெண்கள் நெய்தது. முடிச்சு இல்லாமல் நம் ஜமக்காளத்தைப் போலத் தட்டையாக நெய்ததை ஹன்பல் என்றும் கிலிம் என்றும் சொல்வார்கள். பழைய துணிக் கிழிசல்களைக் கோத்துப் பல வண்ணத்தில் நெய்தது பூஷர்வீத். பெங்களூரு வீட்டுக் கூடத்துக்குத் தடித்த கம்பளம் தேவையே இல்லை என்பது என் கருத்து. இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவுள்ள முடிச்சுக் கம்பளம் இருபது கிலோவைத் தொட்டுவிடும். விமானத்தில் உங்கள் மூட்டைக் கணக்கை அதுவே தின்றுவிடும். மழைக்காலத்தில் அதில் ஏறும் ஈரத்தை வெயிலில் உலர்த்த மொட்டை மாடியும் இரண்டு ஆட்களும் வேண்டும். நடுத்தர அளவுள்ள ஹன்பல் ஒன்றை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

வாங்கும்போது முதலில் கம்பளத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். கையால் நெய்ததில் முடிச்சுகள் சிறிது முன்பின்னாக இருக்கும். பின்புறத்தில் துணி ஒட்டியிருந்தாலோ பசை பூசியிருந்தாலோ அது இயந்திர வேலை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஓரத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகிய வாடை வீசிப் பொடியாக உதிரும், செயற்கை இழையானால் உருகி மணியாகக் கட்டும். நம் வீட்டுப் பெண்களுக்குப் பட்டுச் சேலைச் சோதனையாக ஏற்கெனவே தெரிந்த வித்தைதான் இது. நேர்மையான கடைக்காரர் தாமே தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பார்.

"சப்ரா" என்ற பெயரில் கற்றாழைப் பட்டு என்று சொல்லிப் பளபளக்கும் போர்வைகளையும் தலையணை உறைகளையும் மராக்கேஷில் எங்கும் விற்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெறும் ரேயான். கொளுத்தினால் காகிதம் எரிந்த வாடைதான் வரும். அழகாக இருக்கிறது என்றால் ரேயான் விலைக்கு வாங்குங்கள், பட்டு விலைக்கு வேண்டாம்.

கம்பளக் கடையில் உட்கார வைத்துப் புதினாத் தேநீர் கொடுத்து முப்பது கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போடுவார்கள். தேநீர் குடித்துவிட்டோமே, இத்தனை பேர் பாடுபட்டார்களே என்று உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு மனம் இளகும். அந்த இளக்கத்துக்காகவே நடத்தப்படும் சடங்கு அது. வாங்காமல் எழுந்து வருவதில் எந்தக் குற்றமும் இல்லை. "நாங்களே கப்பலில் அனுப்பிவிடுகிறோம்" என்று சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். நான் ஒருமுறை சம்மதித்தேன். மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது நான் தேர்ந்தெடுத்த கம்பளம் அல்ல.

ஒயிட்ஃபீல்டு பயணி எழுதியது:

பேரம் பேசுவதை ஒரு வீர விளையாட்டாக எல்லோரும் எழுதுகிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். ஆறு நாள் பயணத்தில் நாளுக்கு மூன்று மணி நேரம் பேரத்தில் போய்விட்டது என்று ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மராக்கேஷில் குத்துபிய்யா மசூதிக்கு அருகில், ஐந்தாம் முகம்மது சாலையில், அரசு நடத்தும் கைவினை வளாகம் ஒன்று இருக்கிறது. ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனால் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். கைவினைஞர்கள் அங்கேயே அமர்ந்து வேலை செய்வார்கள். கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். கடைவீதியில் கெட்டிக்காரத்தனமாகப் பேசி வாங்கக்கூடிய விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் முதல் நாளே அங்கே சென்று செருப்பு, பை, விளக்கு, பெட்டி ஆகியவற்றின் விலையைக் குறித்துக்கொண்டால், பிறகு ஸூக் செம்மாரீன் கடைவீதியில் நுழையும்போது உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கும். மேலே நண்பர் சொன்ன "மனதில் வைக்கும் தொகை" வானத்திலிருந்து வராது அல்லவா?

ஃபெஸ்ஸில் எச்சரிக்கையாக இருங்கள். பழைய நகரின் பூ ஜலூத் வாயிலுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ஓர் இளைஞர் வந்து, "அந்தத் தெரு மூடியிருக்கிறது, நான் வேறு வழி காட்டுகிறேன்" என்பார். தெரு மூடியிருக்காது. என்னை அப்படி அழைத்துச் சென்றவர் தோல் பதனிடும் களத்தை மாடியிலிருந்து காட்டும் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார். நாற்றத்துக்கு மருந்தாக மூக்கருகே பிடித்துக்கொள்ளப் புதினாக் கொத்தும் கொடுத்தார்கள். இறங்கும்போது தோல் மேலாடை ஒன்றை என் தோளில் போட்டுவிட்டார்கள். வழி காட்டியவருக்குரிய பங்கும் அந்த விலையில் அடக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வழிகாட்டி வேண்டுமென்றால், அரசு அனுமதி அட்டை உள்ளவரை விடுதி மூலம் ஏற்பாடு செய்துகொண்டு, கடைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாபூஷ் என்று அழைக்கப்படும் செருப்பை வாங்கும்போது அடிப்பகுதியை வளைத்துப் பாருங்கள். தைத்தது நீடிக்கும், ஒட்டியது பெங்களூரு மழைக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. முகர்ந்தும் பாருங்கள். சரியாகப் பதனிடாத தோலின் வாடை ஆண்டுக்கணக்கில் போகாது. ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில் மருதாணி இடும் பெண்கள் கேட்காமலேயே கையைப் பிடித்துக் கோடு இழுத்துவிட்டுப் பணம் கேட்பார்கள். அதிலும் கறுப்பு மருதாணியை நிச்சயம் தவிர்த்துவிடுங்கள். தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் வேதிப்பொருள் அதில் கலந்திருப்பதால் தோல் வெந்துபோகலாம்.

அல்சூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஃபெஸ்ஸை முன்னால் வைத்துத் திட்டத்தை மாற்றிவிட்டோம். என் மாமியார் இந்த உரையாடலைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறார். அங்கே குங்குமப்பூ மலிவு என்கிறார்களே, வாங்கலாமா? தஜீன் என்ற கூம்பு மூடிச் சட்டியில் நம் வீட்டில் சமைக்க முடியுமா?

பசவனகுடி சமையற்கட்டு எழுதியது:

உங்கள் மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் சைவம்தான், என் மகளுடன் இரண்டு வாரம் அங்கே பட்டினி கிடக்காமல் இருந்துவிட்டு வந்தேன்.

குங்குமப்பூ மொராக்கோவின் தெற்கே தாலிவீன் என்ற ஊரைச் சுற்றி விளைகிறது. அறுவடை அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் நடக்கும். நல்ல சரக்குதான், ஆனால் மலிவு என்று நினைக்காதீர்கள். ஒரு கிராம் சில பத்துத் திர்ஹாம்களுக்குக் குறைந்து கிடைத்தால், அது குசும்பாப் பூவாகவோ சாயம் ஏற்றிய நாராகவோதான் இருக்கும். இரண்டு இழையைக் குளிர்ந்த நீரில் போடச் சொல்லுங்கள். உண்மையானதில் மஞ்சள் நிறம் மெல்ல மெல்லக் கசியும், இழை சிவப்பாகவே இருக்கும்; போலியானதில் போட்ட உடனே நீர் சிவந்து, இழை வெளுத்துவிடும். பொடியாக அரைத்ததை எந்த நிலையிலும் வாங்காதீர்கள். மராக்கேஷில் ரஹ்பா கதீமா சதுக்கத்து மசாலாக் கடைகளில் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பது படம் எடுக்கத்தான் அழகு. சீரகம், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை அங்கிருந்து சுமந்து வருவது திருநெல்வேலிக்கே அல்வா. ராஸ் எல் ஹானூத் என்ற கலவைப் பொடி மட்டும் வாங்கத் தகுந்தது.

ஆர்கன் எண்ணெயில் இரண்டு வகை உண்டு. பருப்பை வறுத்து ஆட்டியது சமையலுக்கு, வறுக்காமல் ஆட்டியது முடிக்கும் தோலுக்கும். சமையல் எண்ணெயில் வறுத்த கொட்டையின் மணம் வர வேண்டும். மற்றதில் ஏறக்குறைய மணமே இருக்காது, வாசனை தூக்கினால் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 30 கிலோ பழம் வேண்டும் என்பதால் தெருவோரத்தில் மலிவாக விற்பதை நம்ப முடியாது. எஸ்ஸவீரா செல்லும் வழியில் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கல்லின்மேல் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் உடைப்பதைப் பார்க்கும்போது எங்கள் பாட்டி புளியங்கொட்டை உடைத்தது நினைவுக்கு வந்தது. பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு உறை போட்டுப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். அதே சாலையில் மரத்தின்மேல் ஆடுகள் நிற்பதைக் காட்டிக் காசு கேட்பார்கள். ஆடுகள் ஆர்கன் மரம் ஏறுவது உண்மைதான், ஆனால் சாலையோரத்தில் நிற்பவை பெரும்பாலும் ஏற்றி நிறுத்தப்பட்டவை.

தஜீன் பற்றி: வண்ணம் தீட்டிப் பளபளவென்று மெருகிட்டிருப்பது மேசையில் வைத்துப் பரிமாறத்தான். அந்த மெருகில் காரீயம் இருக்கலாம். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பு பட்டால் உணவில் இறங்கும். சமைக்க வேண்டுமானால் மெருகில்லாத எளிய மண் தஜீனைக் கேட்டு வாங்குங்கள். அதன் விலையும் மிகக் குறைவு. நம் மண்சட்டியைப் பழக்குவது போலவே இரவு முழுவதும் நீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, சிறு தீயில் பழக்கிவிட்டு, கேஸ் அடுப்பில் தோசைக்கல்லின்மேல் வைத்துச் சமைக்கலாம். நான் வாங்கிய இரண்டில் ஒன்றின் மூடி விமானத்தில் உடைந்தது. ஆடைகளுக்கு நடுவே சுற்றி வைத்தது தப்பித்தது.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய்கறி தஜீன், ஏழு காய்கறிக் குஸ்குஸ் (கோதுமை ரவை உணவு) என்று பட்டியலில் எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் வேக வைத்துவிட்டுக் காயை மட்டும் பரிமாறும் வழக்கம் உண்டு. ஹரீரா சூப்பிலும் இறைச்சி சேர்வது சாதாரணம். "பிலா லஹம்" (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். எனவே தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லித் தனியாகச் சமைக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு. ஸாலூக் என்ற கத்திரிக்காய் மசியல் எங்கும் கிடைக்கும். காலையில் மிஸமன் என்று தருவது நம் பரோட்டாவின் சதுர வடிவம். பக்ரீர் என்பது பார்வைக்கு ஆப்பமேதான், தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புளிக்குழம்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

ஜெயநகர் நான்காவது பிளாக் எழுதியது:

விடுபட்டவை சில. நகருக்குள் ஓடும் சிறு டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம், நீங்களும் மூவர் என்பதால் சிக்கல் இல்லை. மீட்டர் போடச் சொல்லுங்கள், இரவில் கட்டணம் ஒன்றரை மடங்காகும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு பழைய நகரில் பல கடைகள் மூடிக் கிடக்கும், ஃபெஸ்ஸில் அது இன்னும் அதிகம். அன்றைக்குக் கடைவீதியை வைத்துக்கொள்ளாதீர்கள். மசூதிகளுக்குள் மற்ற மதத்தவருக்கு அனுமதியில்லை. ஆனால் காசாபிளாங்காவில் 1993இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் ஹசன் மசூதியை மட்டும் வழிகாட்டியுடன் உள்ளே சென்று பார்க்கலாம். உங்கள் கணவர் டிரோன் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஃபெஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் "பாலக், பாலக்" (வழி விடுங்கள்) என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். சுமையோடு கோவேறு கழுதை வருகிறது.

அல்சூர்வாசி எழுதியது:

பெரும் நன்றி. வெள்ளிக்கிழமையை ரயில் பயணத்துக்கு ஒதுக்கிவிட்டோம். பணப்பை என்னிடம் இருக்கும் என்றும், கம்பளக் கடையில் அவர் தேநீர் மட்டும் குடிப்பார் என்றும் வீட்டில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. தறிக்கார அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு இன்று மாலை கூடத்தை அளந்து பார்த்தேன். சோஃபாவை நகர்த்தினாலும் ஐந்தடிக்கு ஏழடிதான் இடம் இருக்கிறது, ஹன்பல்தான்.